படத்தில் நிற்கும் வண்டியும் மாந்தரும்

பழைய தொலைக்காட்சித் தொடர்களிலே தோன்றும் மோட்டார் வண்டிகளை இன்னவையென இனங்காண்பது நம்மிற் பலருக்கு இனிய பொழுதுபோக்காகும். ‘கொலம்போ’ தொடரின் துப்பறிவாளர் ஓட்டுவது பியூஜோ 403 என்றும், ‘த செயின்ற்’ தொடரின் வெண்ணிற வண்டி வொல்வோ பி 1800 என்றும் கண்ட மாத்திரத்தே கூறிவிடுகின்றோம்.

இதனை வீண்பொழுதென இகழ்வாருமுளர். ஆயினும், நுண்ணிய சான்றாராய்ச்சி இதன்கண் உண்டு. 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர் வண்டியின் முன்கண்ணாடி நடுவே பிளவுபட்டிருந்தது. 1956இலேயே அது ஒரே கண்ணாடியாயிற்று. ஆகவே, ஒற்றைக் கண்ணாடியுடைய மைனர் நிற்கும் படம் 1956க்கு முற்பட்டதாகாது. பிளவுபட்ட கண்ணாடியோ அவ்வளவு திட்டமாகக் காலம் உரைக்காது. பழைய வண்டி பல்லாண்டு ஓடுமன்றோ?

புளத்கொகுபிட்டியத் தோட்டங்களிலே வளர்ந்த நம் இல்லங்களிலும் பழைய படங்கள் உள. துரையின் வண்டி நடுவே நிற்கும். ஓரமாக நம் முன்னோர் நிற்பர். வண்டியின் பெயரை உடனே உரைக்கும் நாம், தலைப்பாகையுடன் நிற்கும் பெரியவரின் பெயரையோ, கூடை சுமந்த அன்னையின் பெயரையோ உரைக்கமாட்டாது விழிக்கின்றோம். படத்தின் பின்புறத்தும் அவை எழுதப்பட்டில. இந்நிலை நமக்குப் பெருமை தருவதன்று.

மாணவர்காள்! வண்டியைக் கொண்டு படத்தின் காலத்தைக் கணியுங்கள். பின்னர் அதனை லயத்து முதியோரிடங் காட்டி, நிற்பவர் யாவரென வினவி எழுதிவையுங்கள். மொறிஸ் மைனரின் விவரங்கள் நூல்களில் என்றுங் கிடைக்கும். அம்முதியோர் மறைந்தபின் அப்பெயர்களை உரைப்பார் எவருமிலர்.