எஞ்சினை ஏமாற்ற முடியாது

உங்கள் பள்ளி ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையில் எடுத்திருப்பீர்கள். ஒரு கம்பியின் விட்டத்தை ஐந்து இடங்களில் அளந்து, சராசரி கண்டு, பதிவேட்டில் எழுதி, ஆசிரியரிடம் கையெழுத்தும் வாங்கியிருப்பீர்கள். நல்லது. ஆனால் மனச்சாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். ஐந்து அளவுகளையும் உண்மையிலேயே எடுத்தீர்களா? அல்லது இரண்டை அளந்துவிட்டு, மற்ற மூன்றையும் அவற்றுக்கு ஒட்டினாற்போல எழுதிவிட்டீர்களா?

உங்களைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. பள்ளியில் படித்தபோது நானும் அப்படித்தான் செய்தேன். பக்கத்து மாணவனின் விடை என்னவென்று எட்டிப் பார்த்து, அதற்கு ஏற்ற அளவுகளை எழுதினேன். முழு மதிப்பெண் கிடைத்தது! அந்தக் கம்பியின் விட்டம் 0.82 மில்லிமீட்டராக இருந்தால் என்ன, 0.86 ஆக இருந்தால் என்ன? யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. வகுப்பு முடிந்ததும் கம்பி மறுபடியும் அட்டைப் பெட்டிக்குள் போய்விடும்.

குறை இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. தவறாக அளந்தாலும் ஒன்றும் ஆகாது என்ற இடத்தில் யாரும் அளக்கக் கற்றுக்கொள்ள முடியாது. இதற்கு நேர் எதிரான ஓர் ஆய்வகத்தைப் பற்றி இப்போது சொல்கிறேன். அங்கேயும் திருகு அளவிதான் முக்கியக் கருவி. ஆனால் அங்கே பொய்யான அளவை எழுதினால் இரும்பு உடையும். பழைய கார் ஒன்றின் எஞ்சினை வீட்டுக் கொட்டகையில் பிரித்துப் போட்டு, முன்னைவிட வேகமாக ஓடும்படி திரும்பக் கட்டுகிறார்களே, அந்த இடம்தான் அது.

ஒரு சின்ன எஞ்சினின் கதை

இங்கிலாந்தில் இந்தப் பொழுதுபோக்கு மிகவும் பரவலானது. அங்கே வீட்டில் பிரிக்கப்படும் எஞ்சின்களில் பெயர் பெற்ற ஒன்று ‘ஏ வரிசை’ எஞ்சின். 1951ஆம் ஆண்டு ஆஸ்டின் ஏ30 என்ற சிறிய காரில் இது முதலில் வந்தது. அப்போது அதன் கொள்ளளவு 803 கன செ.மீ. மட்டுமே. 1959இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த ‘மினி’ காரில் இதே வரிசை எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார்கள். கியர் பெட்டியையும் எஞ்சினுக்கு அடியிலேயே அமைத்து, இரண்டுக்கும் ஒரே எண்ணெய் என்று இடத்தை மிச்சப்படுத்தினார்கள். பந்தயக் கார்கள் கட்டிய ஜான் கூப்பர் இந்தச் சின்னக் காரில் ஒளிந்திருந்த வேகத்தைக் கண்டார். 1964இல் வந்த ‘மினி கூப்பர் எஸ்’ காரின் எஞ்சின் 1275 கன செ.மீ., 76 குதிரைத்திறன் உடையது. 1964, 1965, 1967 ஆகிய மூன்று ஆண்டுகளில் மாண்டி கார்லோ பந்தயத்தில் தன்னைவிடப் பெரிய கார்களை மினி தோற்கடித்தது. 2000ஆம் ஆண்டு வரை மினி தயாரிக்கப்பட்டது. மொத்தம் 50 லட்சத்துக்கும் மேல்!

நமக்கும் இந்தக் குடும்பம் அந்நியம் அல்ல. இலங்கைச் சாலைகளில் ஓடும் மோரிஸ் மைனர் 1000 காரில் இருப்பது ஏ வரிசை எஞ்சின்தான். நம் அம்பாசிடர் காரில் நெடுங்காலம் இருந்த 1489 கன செ.மீ. எஞ்சின், அதன் அண்ணனான ‘பி வரிசை’யைச் சேர்ந்தது.

வேகத்தின் விலை

ஓடித் தேய்ந்த எஞ்சினைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது ஒரு வேலை. அதைப் பழைய நிலையைவிட வேகமாக ஓடவைப்பது வேறு வேலை. ஏன்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கூப்பர் எஸ் எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் 81.3 மி.மீ. தூரம் ஓடுகிறது. ஆகவே கிராங்க் சுற்றும் வட்டத்தின் ஆரம் அதில் பாதி, அதாவது 0.0406 மீட்டர். எஞ்சின் நிமிடத்துக்கு 7000 முறை சுற்றினால் கோணத் திசைவேகம் வினாடிக்கு 733 ரேடியன். இதை வர்க்கப்படுத்தி ஆரத்தால் பெருக்கினால், பிஸ்டன் உச்சியில் திரும்பும்போது அதன் முடுக்கம் ஏறத்தாழ 21,800 மீ/வி² என்று வரும். பிஸ்டனின் நிறை 400 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதைத் திருப்பி இழுக்க 8,700 நியூட்டன் விசை வேண்டும். 890 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்டதற்கு இது சமம். கனெக்டிங் ராடு சாய்ந்து இயங்குவதால் உண்மையில் இந்த விசை இன்னும் கூடும். இதே எஞ்சின் 3500 சுற்றில் ஓடினால் விசை பாதி அல்ல, கால் பங்குதான். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகிறது.

இந்த விசையைத் தாங்குபவை கனெக்டிங் ராடின் இரண்டு போல்ட்டுகள். ஒரு பேரிங்கின் இடைவெளியைத் தவறாக அளந்தாலோ, ஒரு போல்ட்டைக் குறித்த அளவுக்கு முறுக்காமல் விட்டாலோ ராடு முறிந்து எஞ்சினின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அங்கே ‘ஏறக்குறைய’ என்ற சொல்லுக்கு இடம் இல்லை.

சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவதையும் கிராங்க் தண்டைத் தேய்த்துச் சீராக்குவதையும் வீட்டில் செய்ய முடியாது. அவற்றை இயந்திரப் பட்டறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அப்படியானால் வீட்டில் நடப்பது என்ன? பெரும்பகுதி அளத்தல்தான். பட்டறையிலிருந்து வந்ததையும் நம்பாமல் மறுபடி அளக்கிறார்கள்.

கால் மில்லிமீட்டரின் கதை

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். பிஸ்டனைச் சுற்றி வார்ப்பிரும்பு ரிங்குகள் இருக்கின்றன. எரியும் வாயு கீழே கசியாமல் இவை காக்கின்றன. ஒவ்வொரு ரிங்கும் ஓரிடத்தில் வெட்டுப்பட்டிருக்கும். சிலிண்டருக்குள் ரிங்கை வைத்தால் அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி தெரியும். அது எவ்வளவு இருக்க வேண்டும்?

விடையை நீங்களே கண்டுபிடிக்கலாம். கூப்பர் எஸ் சிலிண்டரின் விட்டம் 70.6 மி.மீ. ஆகவே ரிங்கின் சுற்றளவு ஏறத்தாழ 222 மி.மீ. வார்ப்பிரும்பின் நீள் விரிவெண் டிகிரிக்கு 0.000011. ரிங், சிலிண்டர் சுவரைவிட 100 டிகிரி கூடுதலாகச் சூடேறுவதாகக் கொள்ளுங்கள். 222 × 0.000011 × 100 = 0.24 மி.மீ. கிட்டத்தட்ட கால் மில்லிமீட்டர்! எஞ்சினை எவ்வளவு கடுமையாக ஓட்டுகிறோமோ அவ்வளவு வெப்பம், அதற்கேற்ப இடைவெளியும் கூட வேண்டும். இடைவெளி போதாவிட்டால் முனைகள் முட்டிக்கொள்ளும், ரிங் உடையும், சிலிண்டர் கீறிப்போகும். மிகவும் கூடினால் வாயு கசியும், திறன் குறையும். உங்கள் இயற்பியல் புத்தகத்தில் தண்டவாளத்துக்குச் சொன்ன அதே பாடம்தான் இது.

இன்னொரு சோதனைக்கு உங்கள் வேதியியல் ஆய்வகத்தின் பியூரெட்டே போதும். எஞ்சினின் ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, எரியறையின் மேல் துளையிட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டை கிரீஸ் தடவி ஒட்டுகிறார்கள். பியூரெட்டிலிருந்து மண்ணெண்ணெயை அறை நிறையும்வரை விட்டு அதன் கன அளவைக் குறிக்கிறார்கள். கேஸ்கெட்டும் பிஸ்டனின் தலைப்பகுதியும் விட்டுவைக்கும் இடத்தையும் இதனுடன் கூட்ட வேண்டும். கூப்பர் எஸ் எஞ்சினின் அமுக்க விகிதம் 9.75. ஒரு சிலிண்டரில் பிஸ்டன் பெருக்கும் கன அளவு 318.75 க.செ.மீ. எனவே மேலே மிஞ்சும் இடம் 36.4 க.செ.மீ. இருக்க வேண்டும். இது 33.5 ஆகக் குறைந்தால் விகிதம் 10.5 ஆகிவிடும். வித்தியாசம் அரைத் தேக்கரண்டியைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்! அமுக்க விகிதம் கூடினால் திறன் கூடும் என்பது உண்மை. ஆனால் அளவு மீறினால் பெட்ரோல் கலவை தானாகவே வெடித்து, ‘நாக்கிங்’ என்று மெக்கானிக்குகள் சொல்லும் தட்டல் உண்டாகிப் பிஸ்டனையே ஓட்டையாக்கிவிடும். நான்கு சிலிண்டர்களுக்கும் இந்த அளவு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக மணிக்கணக்கில் அளந்துகொண்டிருப்பார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு எஞ்சின் முதல் முறையாக உறுமும் நாள் வரும். அதற்கு முன்பே எண்ணெய் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். புதிய கேம் தண்டு படிவதற்காக ஏறத்தாழ 2000 சுற்றில் 20 நிமிடம் ஓடவிடுவார்கள். அதுதான் தேர்வு முடிவு. ஆசிரியரின் கையெழுத்து அங்கே செல்லாது. பக்கத்து மாணவனின் பதிவேடும் உதவாது. அளந்தது உண்மையா பொய்யா என்று எஞ்சினே சொல்லிவிடும்.

எதிர்வாதங்கள்

“பழைய கார் புகை கக்குமே, இதை ஊக்குவிக்கலாமா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தக் கார்களில் புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றி இல்லை. தினமும் ஓட்டுவதற்கு அவை ஏற்றவை அல்ல என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பொழுதுபோக்கு மாறாமலும் நிற்கவில்லை. பழைய பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்தது. அதே ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் என்று தெரிந்து, பிரிட்டனில் 2000ஆம் ஆண்டு அந்தப் பெட்ரோலின் பொது விற்பனை நிறுத்தப்பட்டது. இப்போது எஞ்சினைத் திரும்பக் கட்டுகிறவர்கள் ஹெட்டில் கடினமான உலோக இருக்கைகளைப் பொருத்திவிடுகிறார்கள்.

“கணினியால் இயங்கும் எஞ்சின்களும் மின்சாரக் கார்களும் வந்த பிறகு இது எதற்கு?” என்பது இன்னொரு கேள்வி. மின்மோட்டாரிலும் பேரிங் உண்டு, இடைவெளி உண்டு, வெப்பத்தால் விரிவும் உண்டு. எஞ்சின் மறைந்தாலும் அளவு மறையாது.

எஞ்சினின் வேகத்தைக் கூட்டிவிட்டு, பழைய பிரேக்குகளை அப்படியே விடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நான் ஆதரிக்கவில்லை. ஓடத் தெரிந்தால் போதாது, நிற்கவும் தெரிய வேண்டும்.

நாம் செய்யக் கூடியது

நம் ஊர்களில் அம்பாசிடர் எஞ்சினை மரத்தடியில் பிரித்து மாட்டிய மெக்கானிக்குகள் எத்தனையோ பேர். கையில் கிரீஸ் இருப்பவருக்கு அறிவியல் தெரியாது என்று நாம் நினைக்கிறோம். பதிவேட்டில் பொய் எழுதிய நான் அறிவியல் மாணவன்; கால் மில்லிமீட்டரை விரல் நுனியில் உணர்ந்த அவர் வெறும் தொழிலாளி! இந்தக் கணக்கு எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆகவே என் யோசனை இது. ஒவ்வொரு பள்ளி ஆய்வகத்திலும் கம்பிக்குப் பக்கத்தில் தேய்ந்துபோன இருசக்கர வாகனச் சிலிண்டர் ஒன்றும் அதன் ரிங்கும் இருக்கட்டும். காயலான் கடையில் கிடைக்கும். நன்றாகக் கழுவித் துடைத்துவிடுங்கள். ரிங்கைச் சிலிண்டரின் அடியில், தேய்மானம் இல்லாத இடத்தில் நேராக வைத்து, ஃபீலர் கேஜ் தகடுகளால் இடைவெளியை அளங்கள். பிறகு மேலே, பிஸ்டன் திரும்பும் இடத்தருகே வைத்து அளங்கள். வெடிப்பின் அழுத்தம் அங்கே அதிகம், எண்ணெய்ப் படலமும் மெல்லியது. அதனால் தேய்மானமும் அங்கேதான் அதிகம். இரண்டு இடைவெளிகளின் வித்தியாசம் 0.31 மி.மீ. என்றால் அதை 3.14 ஆல் வகுங்கள். சிலிண்டரின் விட்டம் 0.1 மி.மீ. தேய்ந்திருக்கிறது! கண்ணுக்குத் தெரியாத தேய்மானத்தை ரிங் மூன்று மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது.

இரண்டு மாணவர்கள் தனித்தனியே அளந்து, ஒருவருக்கொருவர் காட்டாமல் தாளை மடித்துக் கொடுக்கட்டும். ஆசிரியருக்கும் விடை முன்கூட்டியே தெரியக் கூடாது. விடைகள் வேறுபட்டால் மதிப்பெண்ணைக் குறைக்காமல் இருவரையும் மறுபடி அளக்கச் சொல்ல வேண்டும். பிறகு பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணனை அழைத்து வந்து, அந்தச் சிலிண்டர் இன்னும் ஓடுமா என்று கேட்கலாம்.

ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு அப்பாவின் ஸ்கூட்டரைப் பிரித்துவிடாதீர்கள்! பெட்ரோல் இருக்கும் எஞ்சின் பக்கம் பெரியவர் துணையின்றிப் போகவே கூடாது.

அடுத்த முறை திருகு அளவியைக் கையில் எடுக்கும்போது, உங்கள் முன்னே இருக்கும் கம்பி 7000 சுற்றில் சுழலப்போகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து இடத்திலும் அளப்பீர்கள்.