வேலை நேரத்தில் பேசினால் சம்பளத்தில் பிடிப்பார்களா? சட்டம் சொல்வது என்ன?

குரோம்பேட்டை ஜிஎஸ்டி ரோட்டில் ஏதாவது ஒரு பெரிய துணிக்கடைக்கு மதியம் மூணு மணிக்குப் போய்ப் பாருங்கள். கூட்டம் இருக்காது. சேலை செக்‌ஷனில் ரெண்டு பெண்கள் மடித்த சேலையையே திரும்பத் திரும்ப மடித்தபடி, உதடு அசையாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். சூப்பர்வைசர் இந்தப் பக்கம் திரும்பியதும் பேச்சு நின்றுவிடும்.

"வேலை நேரத்துல பேசினா ஃபைன்" என்ற மிரட்டல் கடை வேலைக்குப் போனவர்களுக்குப் புதுசு இல்லை. தாம்பரம் சானடோரியம் மெப்ஸில் மெஷின் முன்னால் நிற்பவருக்கும், ஓஎம்ஆரில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் இதே சந்தேகம் இருக்கலாம். பேசக் கூடாது என்று முதலாளி சொல்ல முடியுமா? சொன்னதை மீறினால் பணம் பிடிக்க முடியுமா? இது ரெண்டும் வேறு வேறு கேள்வி. குழப்பமே ரெண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் ஆரம்பிக்கிறது.

பேசாதே என்று சொல்லலாமா?

சொல்லலாம். வேலை நேரத்தில் அரட்டை அடிக்கும் உரிமை என்று இந்தியாவில் எந்தத் தொழிலாளர் சட்டமும் தனியாகத் தரவில்லை. சம்பளம் வாங்கும் நேரத்தில் வேலையைப் பார் என்று சொல்லும் அதிகாரம் முதலாளிக்கு உண்டு. மெஷின் ஓடும் இடத்தில் அது பாதுகாப்பு விஷயமும்கூட.

"அரசியலமைப்பில் பேச்சுரிமை இருக்கே?" என்று கேட்கலாம். 19(1)(அ) பிரிவு முக்கியமாக அரசுக்கு எதிரான பாதுகாப்பு. அந்த உரிமையைத் தனியாருக்கு எதிராகவும் கோரலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு 2023 ஜனவரியில், கௌஷல் கிஷோர் வழக்கில், பெரும்பான்மையாகச் சொன்னது உண்மைதான். அதை வைத்துக்கொண்டு நாளைக்கே பில் கவுன்ட்டரில் கதை பேச முடியாது.

அரசு ஊழியர்கள் விஷயத்தில் சென்னை உயர் நீதிமன்றம் கறாராகவே பேசியிருக்கிறது. திருச்சியில் சுகாதாரத் துறை ஊழியர் ஒருவர், அலுவலகத்தில் சக ஊழியர்களை செல்போனில் வீடியோ எடுத்ததாக சஸ்பெண்ட் ஆனார். 2022 மார்ச்சில் அந்த வழக்கை விசாரித்த நீதிபதி எஸ்.எம்.சுப்பிரமணியம், அலுவலக நேரத்தில் சொந்த வேலைக்கு செல்போன் பயன்படுத்துவதை அனுமதிக்கக் கூடாது என்றார். அதற்கு விதிமுறை வகுக்கும்படி அரசுக்கும் உத்தரவிட்டார்.

அப்போ ஃபைன் போடலாமா?

இங்கேதான் முதலாளிகள் பலர் தடுக்கி விழும் இடம். 1936-ம் வருட ஊதியப் பட்டுவாடா சட்டத்திலேயே அபராதத்துக்குக் கடிவாளம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின் 19-வது பிரிவிலும் அதே கடிவாளம்தான்.

எந்தெந்தச் செயலுக்கு அபராதம் என்ற பட்டியலுக்கு முன்கூட்டியே அரசின் ஒப்புதல் வாங்க வேண்டும். அதை வேலை நடக்கும் இடத்தில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். சூப்பர்வைசர் வாயில் வந்த தொகை எல்லாம் அபராதம் ஆகாது. போடும் முன் "ஏன் இப்படிச் செய்தாய்" என்று விளக்கம் கேட்டே ஆக வேண்டும். ஒரு மாதச் சம்பளத்தில் மொத்த அபராதமும் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ₹12,000 சம்பளம் என்றால் அதிகபட்சம் ₹360. தவணை போட்டு மாசா மாசம் பிடிக்க முடியாது, 90 நாள் தாண்டிவிட்டாலும் பிடிக்க முடியாது. இன்னொன்று பலருக்குத் தெரியாது. அந்தப் பணம் முதலாளியின் பாக்கெட்டுக்குப் போகக் கூடாது. பதிவேட்டில் எழுதி, ஊழியர்களின் நலனுக்கே செலவழிக்க வேண்டும்.

ஆக, தோழியோடு ரெண்டு வார்த்தை பேசியதற்காக ஒருநாள் சம்பளத்தையே வெட்டினால், அரசு ஒப்புதல் எங்கே, விளக்கம் எப்போ கேட்டீங்க என்று கேட்க முகாந்திரம் இருக்கிறது.

வேலையை விட்டே தூக்குவது? ஸ்டாண்டிங் ஆர்டர்ஸ் எனப்படும் நிலையாணைகள் உள்ள நிறுவனம் என்றால், அதில் ஒழுங்கீனம் என்று பட்டியலிடாத செயலுக்குத் தண்டனை தர முடியாது. 1983-ல் கிளாக்ஸோ நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. ஆனால் புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்புப்படி 300 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் இடத்தில்தான் நிலையாணைகள் கட்டாயம். 40 பேர் வேலை செய்யும் கடைக்கு இந்தக் கவசம் கிடைக்காது. சட்டத்தில் உள்ள பெரிய ஓட்டை என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

டீ பிரேக்கில் பேசினால்?

அது உங்கள் நேரம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி 4 மணி நேரம் வேலை பார்த்தால் 1 மணி நேரம் இடைவேளை தர வேண்டும். இதே சட்டத்தில்தான் 2021-ல் திருத்தம் கொண்டுவந்து, ஊழியர்கள் உட்கார இருக்கை தருவதைக் கட்டாயமாக்கினார்கள். கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் போராடி 2018-லேயே இந்த உரிமையைப் பெற்றிருந்தார்கள். நாற்காலிக்கே சட்டம் போட வேண்டியிருந்த தொழிலில், பேச்சுக்கு ஃபைன் என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

வாட்ஸ்அப்பில் புலம்பினால்?

தென் மாவட்டங்களில் இருந்து வந்து, கடை கொடுத்த விடுதியிலேயே தங்கி வேலை பார்க்கும் பெண்களுக்கு மனசு விட்டுப் பேச மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒரு வாட்ஸ்அப் குரூப்தான். அவர்களுக்குச் சாதகமான தீர்ப்பு ஒன்று இருக்கிறது.

தூத்துக்குடி மாவட்டம் ஆறுமுகநேரியில் தமிழ்நாடு கிராம வங்கி ஊழியர் ஒருவர், நிர்வாகத்தின் முடிவுகளைக் கிண்டலடித்து வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் போட்டார். வங்கி அவருக்குக் குற்றச்சாட்டு குறிப்பாணை கொடுத்தது. 2023 ஆகஸ்டில் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அதை ரத்து செய்தார். மேலதிகாரி மீது ஊழியருக்கு ஏதாவது மனக்குறை இருப்பது இயல்பு, அதைக் கொட்டித் தீர்க்க அவருக்கு உரிமை உண்டு என்பது தீர்ப்பின் சாரம். வீட்டுக்குள் நாலு பேர் பேசினால் நிர்வாகம் தலையிடாது இல்லையா, வெளியாட்கள் நுழைய முடியாத குரூப்பையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்றார். நிறுவனத்தின் பெயர் கெட்டால் மட்டுமே நிர்வாகம் உள்ளே வரலாம்.

கவனம், இது மூடிய குரூப்புக்குச் சொன்னது. அதையே பப்ளிக் ரீல்ஸாகப் போட்டால் கதை வேறு. வாடிக்கையாளர் விவரத்தையோ கம்பெனி ரகசியத்தையோ வெளியே சொல்வதற்கும் இது பொருந்தாது. (எங்கள் டெஸ்க் குரூப்பில் ஷிஃப்ட் பட்டியல் வரும் நாளில் ஓடும் மெசேஜ்களை நினைத்து, இந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் நிம்மதியாகவே படித்தேன்.)

சம்பளம், யூனியன் பற்றிப் பேசினால்?

ஊழியர்கள் சங்கமாகச் சேர்வதைத் தடுப்பது, அதற்காக மிரட்டுவது எல்லாம் பழைய சட்டத்திலும் புதிய சட்டத்திலும் முறையற்ற தொழிலாளர் நடைமுறைதான். அமெரிக்காவில் 1935-ம் வருடச் சட்டத்தின் கீழ், மற்ற பேச்சை எல்லாம் விட்டுவிட்டு யூனியன் பேச்சை மட்டும் தடுப்பது தவறு. இங்கேயும் கிரிக்கெட், சினிமா பேசினால் கண்டுகொள்ளாமல், "உனக்கு எவ்ளோ சம்பளம்" என்று கேட்டவரை மட்டும் கூப்பிட்டு மிரட்டினால், அது வெறும் ஒழுங்கு நடவடிக்கை என்று நிர்வாகம் சொல்வதை நம்புவது கஷ்டம்.

என்ன செய்யலாம்?

முதலில் சம்பளச் சீட்டைப் பாருங்கள். பிடித்தம் இருந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கடைக்குள் ஒட்டியிருக்கும் நோட்டீஸை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு உங்கள் பகுதிக்கான தொழிலாளர் நலத்துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், பிடித்தம் ஆன நாலைந்து பேர் சேர்ந்தே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். சீட்டே தராமல் கையில் காசு கொடுக்கும் கடை என்றால், அதையும் மனுவில் முதல் வரியாக எழுதுங்கள்.