ஒரு நாளைக்கு 20 ரூபாய்

'மக்களை மையத்தில் வைப்போம்' என்று ஆரம்பிக்கிற எந்த சுகாதார அறிக்கை கைக்கு வந்தாலும் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. முன்னுரையை விட்டுவிட்டு நேராகப் பணக் கணக்கு இருக்கிற பக்கத்துக்குப் போய்விடுவேன். பி.காம். படித்து இருபது வருஷத்துக்கு மேல் வங்கியில் உட்கார்ந்தவனுக்கு வேறு புத்தி வராது. யாருக்குச் சம்பளம், யாருக்கு மதிப்பூதியம், யாருக்கு வெறும் நன்றி என்று பார்த்தாலே மையத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

2016ல் உலக சுகாதார சபை கூடி, மக்களை மையமாகக் கொண்ட ஒருங்கிணைந்த சேவைதான் இனி வழி என்று ஒரு ஆவணத்தை ஏற்றுக்கொண்டது. நல்ல வார்த்தைகள். அவை எங்கள் எலப்புள்ளியில் என்ன விலைக்குப் போகின்றன என்பதுதான் இந்தப் பதிவு. (எலப்புள்ளி எங்கே என்பவர்களுக்கு: பாலக்காட்டுக்குக் கிழக்கே, ஒரே வாக்கியத்தில் தமிழும் மலையாளமும் புழங்குகிற ஊர். 2025ல் மது ஆலைத் திட்டத்தால் பேப்பரில் அடிபட்டதே, அதேதான்.)

முதலில் பாராட்டிவிடுகிறேன். கேரளாவைத் திட்டினால் ஆட்டோ அனுப்ப ஆள் இருக்கிறது. 1993ல் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் போன்றவர்கள் சேர்ந்து வலி நிவாரண சங்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். இனி குணமாக்க ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட புற்றுநோயாளியின் வலியையாவது குறைப்போம் என்பதுதான் தொடக்கம். கொஞ்ச வருஷத்தில் அவர்களுக்கு ஒன்று புரிந்தது. நோயாளி ஆஸ்பத்திரிக்கு வர முடியாது, ஆஸ்பத்திரிதான் நோயாளியிடம் போக வேண்டும். மலப்புரம் பக்கம் ஊர்க்காரர்களே பணம் சேர்த்து, பயிற்சி எடுத்து, வீடு வீடாகப் போனார்கள். 2008ல் மாநில அரசு இதைக் கொள்கையாகவே அறிவித்தது. இன்று பஞ்சாயத்து பாலியேட்டிவ் நர்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருகிறார். மரணத்தின் மதிப்பு பற்றிய லான்செட் ஆணையம் 2022ல் உலகத்துக்கே முன்மாதிரியாகக் காட்டியது கேரளாவின் இந்த ஏற்பாட்டைத்தான்.

இது பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் நர்ஸ் போன பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது?

என் அம்மா 2022ல் பக்கவாதம் வந்து படுத்தார்கள். வாளையார் தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள். வரும்போது கனமான ஒரு ஃபைல் கொடுத்தார்கள். அம்மாவை எப்படிப் புரட்டுவது என்று அக்காவுக்கு ஒருவரும் காட்டவில்லை. அதைக் காட்டியவர் பஞ்சாயத்து நர்ஸ். தலையணையை எங்கே வைப்பது, குதிகாலைத் தரையில் படாமல் எப்படி வைப்பது, ட்யூப்பை எப்படிச் சுத்தம் செய்வது, எல்லாம் தமிழிலேயே சொல்லிக் கொடுத்தார். அம்மாவுக்கு வலி கடுக்கும், குடையும், எரியும், இழுக்கும். நான்கும் வேறு வேறு. வார்டில் 'வேதன உண்டோ?' என்று கேட்டு ஒரே டிக் அடித்துவிட்டுப் போனார்கள். இந்த நர்ஸ் உட்கார்ந்து நான்கையும் கேட்டார். கடைசியில் அக்காவைப் பார்த்து, 'நீங்க ராத்திரி தூங்கறீங்களா சேச்சி?' என்றும் கேட்டார்.

தூங்குவதில்லை. படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும் என்பது பாடம். பாடத்தில் இரவு என்று ஒன்று இல்லை. பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. அப்புறம் குளிப்பாட்டல், கஞ்சி, துணி, மருந்து. அம்மாவின் முதுகில் இதுவரை ஒரு புண் வரவில்லை. அக்காவின் இடுப்பு போய்விட்டது. நர்ஸ் மாதத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் வருகிறார் என்று வையுங்கள். மிச்ச நேரமெல்லாம் அந்த 'உலக முன்மாதிரி'யை நடத்துவது அக்காதான்.

அவளுக்கு என்ன கொடுக்கிறார்கள்? படுத்த படுக்கையானவரை முழுநேரமும் பார்த்துக்கொள்பவருக்கு என்றே கேரளாவில் 'ஆஸ்வாசகிரணம்' என்று ஒரு திட்டம் உண்டு. இதைக்கூட யோசிக்காத மாநிலங்கள் எத்தனையோ, அதனால் யோசித்தவர்களுக்கு வணக்கம். தொகை மாதம் 600 ரூபாய். அதாவது ஒரு நாளைக்கு 20. எங்கள் ஊர் சாயாக்கடையில் ஒரு சாயா, ஒரு வடைக்கே பத்தாது. இதே வேலைக்கு ஏஜென்சியில் ஹோம் நர்ஸ் கேட்டபோது எங்களிடம் சொன்ன தொகை மாதம் 25,000. வேலை ஒன்றுதான். வெளியாள் செய்தால் 25,000, மகள் செய்தால் 600. இதற்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் விளக்கம் கிடையாது.

வெளியே இருந்து வருபவர்களின் கதையும் இதுதான். ஆஷா பணியாளர்களைச் சட்டம் ஊழியர் என்றே சொல்லாது, 'தன்னார்வலர்' என்று சொல்லும். 2025 பிப்ரவரி 10ஆம் தேதி திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்கு முன்னால் அவர்கள் உட்கார்ந்தபோது மாநில அரசு தந்த மதிப்பூதியம் மாதம் 7,000. கேட்டது 21,000. வெயிலிலும் மழையிலும் எட்டு மாதத்துக்கும் மேல் உட்கார்ந்தார்கள், தலைமுடியை வெட்டிப் போட்டார்கள். கடைசியில் கூடியது 1,000 ரூபாய். கோவிட் காலத்தில் வாசல் வாசலாகப் போனவர்கள் இவர்கள்தான் என்பதை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

'அம்மாவைப் பார்க்க மகளுக்குச் சம்பளமா? பாசத்துக்கு விலையா?' இந்தப் பின்னூட்டம் வரும், தெரியும். பாசத்துக்கு யாரும் விலை கேட்கவில்லை ஐயா. இரவு இரண்டு மணிக்கு எழுந்து புரட்டுகிற உழைப்புக்குக் கேட்கிறோம். நான் இங்கே லண்டனிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். ஊரில் எனக்கு 'அம்மாவை நல்லாப் பார்த்துக்கிற பையன்' என்று பெயர். புரட்டுகிற அக்காவுக்குப் பெயரில்லை, அவளுக்கு அது கடமை. பாசத்தின் பெயரால் யாருடைய வேலை கணக்கில் வராமல் போகிறது என்று பார்த்தால் அநேகமாக ஒரு பெண்ணுடையது.

வெளிநாட்டைப் பார் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. இங்கே வாரம் 35 மணி நேரமாவது பராமரிப்பவருக்கு ஒரு படி தருகிறார்கள், 2025 ஏப்ரலில் அது வாரத்துக்கு 83.30 பவுண்டு ஆனது. ஆனால் அதற்கு முந்தைய வருஷம் வரை வாரச் சம்பாத்தியம் 151 பவுண்டைத் தாண்டி ஒரு பென்னி வந்தாலும் அந்த வாரப் படி முழுக்கப் போச்சு. அப்படித் தெரியாமல் தாண்டிய ஆயிரக்கணக்கானவர்களிடம் வருஷக்கணக்கான பாக்கியைக் கேட்டு நோட்டீஸ் போனது, சிலர் மேல் வழக்கே போட்டார்கள். 2024ல் பத்திரிகைகள் கிழித்த பிறகுதான் வரம்பை 196 ஆக்கினார்கள். ஒரு பென்னிக்காகக் கடன்காரராக ஆக்குவதை எந்த வங்கிக்காரன் செய்தாலும் வேலை போயிருக்கும்.

காசு இல்லை என்பார்கள். காசு இருக்கிறது, அது கட்டிலுக்குப் போகிறது. 2018ல் வந்த ஆயுஷ்மான் பாரத் ஒரு குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை தரும், ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால். புண் வந்து, சீழ் பிடித்து, அட்மிட் ஆனால் பணம் வரும். புண்ணே வராமல் பார்த்துக்கொண்டவளுக்கு வராது. 2011 கணக்கெடுப்பிலேயே கேரளாவில் அறுபது தாண்டியவர்கள் நூற்றுக்கு 12.6. இன்று இன்னும் கூடுதல். பிள்ளைகள் துபாயிலும் லண்டனிலும். இரண்டு மணிக்கு எழுந்திருக்க எத்தனை அக்காக்கள் மிச்சம் இருப்பார்கள்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பராமரிப்பவர் படியை ஒரு நாள் கூலியோடு ஒப்பிடுகிற அளவுக்காவது உயர்த்துங்கள். வாரத்தில் ஒரு நாள் பயிற்சி பெற்ற ஒருவரை வீட்டுக்கு அனுப்பி, அன்று அவளைத் தூங்க விடுங்கள். அப்படி வருகிறவருக்கு நன்றியோடு சம்பளமும் கொடுங்கள்.

அடுத்த கிராம சபையில் போய் இதைக் கேட்கப் போவதாக அக்கா போனில் சொன்னாள். அந்த மூன்று மணி நேரம் அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்பது இன்னும் முடிவாகவில்லை.