புளிக்காமல் பொங்கும் ரொட்டி



சென்ற தவக்காலத்தில் நம் பங்கின் பெரியவர் ஒருவர் காலைத் திருப்பலிக்கு வருவதைத் திடீரென நிறுத்திவிட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியர்; ஒரு நாளும் தவறாதவர். கடைவீதியில் கண்டபோது, "தவக்காலத்திலேயே ஆலயத்தை மறந்துவிட்டீரோ?" என்று பலர் முன்னிலையில் கேட்டுவிட்டோம். "வீட்டில் கொஞ்சம் வேலை, சுவாமி" என்று தலைகுனிந்து சென்றார்.

மறுவாரம் அவர் இல்லம் சென்றோம். அடுக்களையில் நின்றவர் அவரே. அவருடைய மனைவி பற்களை இழந்து, நோயால் மெலிந்து, படுக்கையில் இருந்தார். கடை ரொட்டியை மெல்ல இயலவில்லை; இட்லியோ சலித்துவிட்டது. வெளியூர் மகள் எழுதியனுப்பிய முறைப்படி வாழைப்பழ ரொட்டி செய்யக் கற்றிருந்தார் இவர். விடியலில் அம்மையாரைக் கழுவித் துடைத்து, ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டி முடிக்க ஏழு மணியாகிவிடுமாம். நமது திருப்பலியோ ஆறு மணிக்கு.

இவ்வகை ரொட்டிக்கும் ஒரு கணவரே காரணர். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் ஆல்பிரட் பேர்டு என்னும் மருந்துக் கடைக்காரர் வாழ்ந்தார். அவர் மனைவி எலிசபெத்துக்கு முட்டையும் ஒவ்வாது, ஈஸ்ட் இட்ட ரொட்டியும் ஒவ்வாது. மனைவிக்காக 1837-இல் முட்டையில்லாக் கஸ்டர்டு மாவையும், 1843-இல் பேக்கிங் பவுடரையும் ஆக்கினார். பாஸ்காவின் புளிப்பற்ற அப்பம் தட்டையானது. இதுவோ புளிக்காமலே பொங்குவது. அமெரிக்க இல்லங்களில் 1930-களின் வறுமைக் காலத்தில், கனிந்து கறுத்த பழமும் வீணாகாதபடி வாழைப்பழ ரொட்டியாக இது பரவிற்று.

பெரியவர் சொன்ன முறை இது. தோல் கறுத்த பெரிய பழம் மூன்று, பூவனாயின் ஐந்தாறு. மாவுச்சத்து சர்க்கரையாக மாறிய பழமே ஈரமும் இனிப்பும் தரும்; மஞ்சள் நிறப் பழம் உதவாது. அதை மசித்து, உருக்கிய வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை 150 கிராம், முட்டை இரண்டு, தயிர் இரு கரண்டி சேர்க்க வேண்டும். மைதா 250 கிராமுடன் சமையல் சோடா ஒரு தேக்கரண்டியும் சிறிது உப்பும் கலந்து சலித்து, இதில் இட்டு, மாவு மறையும் அளவுக்கு மட்டும் கிளற வேண்டும். முதல் முறை அவர் நெடுநேரம் அடித்துக் கலக்கினாராம், ரொட்டி ரப்பராயிற்று. தயிரின் புளிப்புப் பட்டவுடனே சோடா வாயுவை விடத் தொடங்குவதால், கலந்த மாவைக் காக்க வைத்தலும் ஆகாது. இரண்டாம் முறை ஆவலால் மூடியைத் திறந்து திறந்து பார்த்தார், நடுவில் வேகவில்லை.

அவரிடம் ஓவன் இல்லை. குக்கரின் அடியில் ஓர் அங்குலம் மணல் பரப்பி, ரப்பர் வளையமும் வெயிட்டும் நீக்கி, தண்ணீர் விடாமல் பத்து நிமிடம் சூடேற்றி, நெய் தடவிய பாத்திரத்தை உள்ளே வைத்து, சிறு தீயில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேக வைக்கிறார். குச்சியைக் குத்தினால் மாவு ஒட்டலாகாது. மறுநாள்தான் இன்னும் மென்மையாக இருக்கும் என்கிறார். நாமும் உண்டு பார்த்தோம், உண்மையே.

அம்மையார் படுக்கையில் விழுந்து நான்கு மாதமாகியும் நாம் அறியாதிருந்தோம். அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். இப்போது முதல் வெள்ளிதோறும் நற்கருணையுடன் அவ்வீட்டுக்குச் செல்கிறோம். பங்குமனையில் மிஞ்சிக் கறுத்த பழங்களையும் உபதேசியார் தனிப் பையில் எடுத்து வருகிறார்.