நிற்கத் தெரியாத ரயர் எவ்வளவு ஓடினால் என்ன?

"அண்ணை, இது எவ்வளவு ஓடும்?"

ரயர் கடையில் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் இதுதான். கடைக்காரரும் சளைக்காமல் சொல்லுவார்: "இருபதாயிரம் தாராளமா ஓடலாம் தம்பி, கல்லு மாதிரிக் கிடக்கும்." நாங்களும் சந்தோசமாகக் காசைக் கொடுத்துவிட்டு வருவோம். இறப்பரால் செய்த ஒரு சாமான் கல்லு மாதிரிக் கிடக்கும் என்பது எப்பிடிப் பாராட்டாக மாறினது என்று ஒருத்தரும் யோசிக்கிறதில்லை. கல்லு மழையில் வழுக்கும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

நேராகவே சொல்லுறன். மோட்டார் சைக்கிள் ரயரை 'ஓடும் தூரத்தை' மட்டும் வைத்து வாங்குகிற பழக்கம் சிக்கனம் இல்லை. அது கணக்குத் தெரியாத கஞ்சத்தனம். அதுக்கான விலையைக் கடையில் கட்டாமல் றோட்டில் கட்டுகிறோம்.

இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிள்கள். ஆண்டுக்கு 2000க்கும் மேற்பட்ட ஆட்கள் வீதி விபத்துகளில் சாகிறார்கள். அதில் மோட்டார் சைக்கிளில் போனவர்கள் பெரிய பங்கு. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் நாங்கள் வேகத்தைப் பற்றிக் கதைக்கிறோம், குடியைப் பற்றிக் கதைக்கிறோம், ஹெல்மெட்டைப் பற்றிக் கதைக்கிறோம். கதைக்கத்தான் வேணும். ஆனால் பொலிஸ் மறிச்சால் லைசன்ஸ் கேட்பார்கள், காப்புறுதி கேட்பார்கள். குனிந்து ரயரைப் பார்க்கிறவர் அரிது. வருமான வரிப்பத்திரம் எடுக்கப் போனால் புகைச் சான்றிதழ் வேணும், ரயருக்கென்று ஒரு துண்டும் வேண்டியதில்லை. உங்களுக்கும் தாருக்கும் நடுவில் இருப்பது சில்லுக்கு ஒரு உள்ளங்கை அளவு இறப்பர். பிறேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஏபிஎஸ் இருந்தாலும், வண்டியை நிற்பாட்டுவது கடைசியில் அந்த உள்ளங்கைதான். ஏபிஎஸ் சில்லு இறுகிப் பூட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளும். இல்லாத பிடிமானத்தை அது உண்டாக்காது.

இந்தப் பிடிமானம் எங்கிருந்து வருகுது? தார் றோட்டு பார்வைக்குத்தான் மட்டம். கிட்டப்போய்த் தடவிப் பார்த்தால் முழுக்கச் சின்னச் சின்னக் கல்லு முனைகள். மென்மையான இறப்பர் அந்த முனைகளைச் சுற்றி அமுங்கி, பிறகு மெதுவாகப் பழைய உருவத்துக்குத் திரும்பும். அமுங்கித் திரும்புகிற அந்த வேலையில் சக்தி செலவாகும், சூடு உண்டாகும், பிடிமானமும் கிடைக்கும். அதே வேலையில்தான் இறப்பர் தேய்ந்தும் போகும். கடினமான இறப்பர் முனைகளுக்குள் அமுங்காமல் மேலால் சறுக்கிக்கொண்டு போகும், அதனால் நெடுநாள் உழைக்கும். அதாவது கடைக்காரர் பெருமையாகச் சொன்ன அந்த இருபதாயிரத்தில் ஒரு பகுதி, உங்கட ரயர் றோட்டைப் பிடிக்காமல் விட்டதால் மிச்சம் பிடித்த தூரம்.

இதுக்கு நடுவழி இல்லையா? இருக்கு. 1992இல் மிஷ்லின் நிறுவனம் கார் ரயர்களில் சிலிக்காவைக் கலக்கத் தொடங்கின பிறகு, ஈரத்தில் பிடிக்கிற ரயர் கெதியாகத் தேயத்தான் வேணும் என்ற விதி கொஞ்சம் தளர்ந்தது. மோட்டார் சைக்கிளுக்கு, நடுப்பகுதியில் கடினமான இறப்பரும் இரண்டு ஓரத்திலும் மென்மையான இறப்பரும் வைத்த ரயர்களும் வந்துவிட்டன. நேரே போகும்போது நடு உழைக்கும், சரிந்து திரும்பும்போது ஓரம் பிடிக்கும். ஆனால் இதெல்லாம் விலை கூட. ஆகவே உண்மையான பேரம் மூன்று பக்கமானது: பிடிமானம், ஆயுள், விலை. மூன்றும் ஒரே ரயரில் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், அவர் உங்களுக்கு ஏதோ விற்கிறார்.

சரி, காசைப் பற்றியே கதைப்பம். ஒரு கணக்குக்கு, இரண்டு ரயருக்கும் விலை 12,000 ரூபா என்று வையுங்கள். கல்லு ரயர் 20,000 கிலோமீற்றர் ஓடும், பிடிக்கிற ரயர் 12,000 ஓடும். முதலாவதுக்குக் கிலோமீற்றருக்கு 60 சதம், இரண்டாவதுக்கு 1 ரூபா. வித்தியாசம் 40 சதம். நாளுக்கு 20 கிலோமீற்றர் ஓடுகிற ஒரு கம்பஸ் பிள்ளைக்கு அது நாளுக்கு 8 ரூபா. ஒரு பிளேன்ரீக் காசு கூட இல்லை. பெற்றோல் லீற்றர் 300 ரூபா, வண்டி லீற்றருக்கு 45 ஓடும் என்றால், அதே 20 கிலோமீற்றருக்குப் பெற்றோலுக்கு மட்டும் 130 ரூபாவுக்கு மேல் போகுது. தேவையில்லாமல் பரமேஸ்வராச் சந்திக்கு இரண்டு தரம் போய் வருகிற பெற்றோலில் எரிக்கிற காசைத்தான் ரயரில் மிச்சம் பிடிக்கிறோம்.

"நாளுக்கு நூறு கிலோமீற்றர் ஓடுகிறவனுக்கு இந்தக் கதை பொருந்துமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மீன் பெட்டி கட்டி ஓடுகிற ஐயாவுக்கும், சாப்பாட்டுப் பார்சல் கொண்டு ஓடுகிற பெடியனுக்கும் அந்த 40 சதம் நாளுக்கு 40 ரூபா. மாதத்தில் 25 நாள் ஓடினால் 1000 ரூபா. ரயரும் அவையின்ர சொந்தச் செலவு. 2022இல் கியூஆர் அட்டையைக் காட்டி கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற சனத்துக்குச் சிக்கனம் என்ன என்று பாடம் எடுக்க எனக்கு விருப்பம் இல்லை. என்ர கோபம் அவையில இல்லை. ஆனால் அவைக்கும் ஒரு வழி இருக்கு, அதை ஒரு கடையும் முன்வந்து சொல்லுறதில்லை: முன் ரயரையும் பின் ரயரையும் ஒரே கேள்வி கேட்டு வாங்காதேங்கோ.

பின்சில்லுதான் வண்டியைத் தள்ளுகிறது. பின்னுக்கு இருக்கிற ஆளையும் சாமானையும் சுமக்கிறது. அதனால் அது முதலில் தேயும். பிறேக் பிடிக்கும்போது பாரம் முழுக்க முன்னுக்குச் சாயும். வண்டியை நிற்பாட்டுகிற வேலையில் பெரும்பங்கு முன்சில்லுடையது. பின்சில்லு கொஞ்சம் வழுக்கினால் பல நேரம் சமாளிக்கலாம். முன்சில்லு வழுக்கினால் அடுத்த நொடி நீங்கள் தாரில். ஆகவே காசு குறைவென்றால் பின்னுக்கு உழைக்கிற ரயர், முன்னுக்குப் பிடிக்கிற ரயர். இரண்டும் வண்டிப் புத்தகத்தில் சொன்ன அளவில், ஒன்றோடொன்று ஒத்துப்போகிற வகையில் இருக்க வேணும். முன் ரயர் எப்படியும் மெதுவாகத்தான் தேயும் என்பதால் செலவும் பெரிதாக ஏறாது.

நாங்கள் செய்கிறது இதுக்கு நேர் எதிர். ஸ்கூட்டிகளில் இது இன்னும் மோசம். பல ஸ்கூட்டிகளில் முன்னும் பின்னும் ஒரே அளவு, 90/100-10. அதனால் பின் ரயர் தேய்ந்ததும் அதைக் கழற்றி முன்னுக்குப் போட்டுவிட்டு, புதிதைப் பின்னுக்குப் போடுகிற ஒரு 'கெட்டித்தனம்' இருக்கு. நிற்பாட்ட வேண்டிய சில்லுக்கு வீட்டிலேயே மோசமான ரயர்! அந்த ஸ்கூட்டியில் போறது பெரும்பாலும் அம்மா, அக்கா, ரியூசனுக்குப் போற தங்கச்சி. வண்டியைக் கடைக்குக் கொண்டுபோய் முடிவெடுக்கிறது அப்பா அல்லது அண்ணன். "பொம்பிளைப் பிள்ளை மெதுவாத்தானே போறா, இது காணும்" என்கிற வசனத்தை எங்கட வீடுகளில் கேட்காதவர்கள் கையை உயர்த்துங்கள். மெதுவாகப் போகிறவளுக்கும் நாய் குறுக்கே வரும். மேலும் பத்து அங்குலச் சில்லு ஒரு கிலோமீற்றருக்குப் பெரிய சில்லை விடக் கூடத் தடவை சுற்ற வேணும். கெதியாகத் தேயும், குழிக்குள்ளும் கெதியாக இறங்கும். ரயரைப் பற்றி முதலில் கேட்க வேண்டியவள் அவள்தான்.

மற்றப் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. பிடிமானம் என்றதும் சில பெடியள் ரேஸ் ரயர் தேடுவினம். அந்த இறப்பர் நன்றாகச் சூடேறினால்தான் வேலை செய்யும். பலாலி வீதியில் நாற்பதில் போய், கடைக்குக் கடை நிற்கிற ஓட்டத்துக்கு அந்தச் சூடு வராது. இன்னும் சிலர் வண்டிக்குச் சொன்ன அளவை விட அகலமான ரயரை அதே றிம்மில் திணிக்கினம். ரயரின் வளைவு நெருக்குப்பட்டு உருவம் மாறும், திரும்புகிற குணம் கெடும். காட்டுப் பாதைக்குரிய பெரிய கட்டை ரயரைத் தாரில் ஓட்டுவதும் அப்படித்தான்: கட்டைகளுக்கு நடுவே வெறும் இடைவெளி, தாரைத் தொடுகிற இறப்பர் குறைவு. படம் எடுக்க நல்லாயிருக்கும். தூரத்துக்காக வாங்குகிறவனும் தோற்றத்துக்காக வாங்குகிறவனும் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள்: தாங்கள் ஓடுகிற றோட்டைப் பார்க்காமல் வாங்குகிறார்கள்.

எங்கட றோட்டு எப்படிப்பட்டது? யாழ்ப்பாணம் தட்டை. ஏ9 நேர்க்கோடு. இங்கே ரயர் நடுவில்தான் தேயும். கொஞ்சக் காலத்தில் வட்டமாக இருந்த ரயர் நடுவில் சப்பையாகிவிடும். நேரே போகும்போது ஒன்றும் தெரியாது. வளைவில் சரிக்கும்போதுதான் சப்பையின் விளிம்பில் ஏறி வண்டி திடீரென்று விழப்பார்க்கும். ஓரத்தில் வெட்டு நல்லாக் கிடக்கு என்று அந்த ரயரோடு நுவரெலியாவுக்குப் போகிற பெடியளுக்கு இதை யார் சொல்லுறது? மலைநாட்டு வளைவுகளில் ஓரம்தான் வேலை செய்யும். அங்கே வசிக்கிறவருக்கு வேற ரயர், எங்களுக்கு வேற ரயர். எங்களுக்கு நடுப்பகுதி உழைக்க வேணும், அதோடு மாசக்கணக்கான வெயிலில் தூசியும் எண்ணெயும் படிந்த றோட்டில் ஐப்பசியின் முதல் மழை விழும்போது ஈரத்தில் பிடிக்கவும் வேணும். முதல் மழையின் முதல் பத்து நிமிசம்தான் மோசமானது. அதோடு ஒழுங்கைகளிலிருந்து செம்மண் கழுவி வந்து தாரில் படியும், ரயில் கடவையின் தண்டவாளம் நனைந்து கிடக்கும், மஞ்சள் கோட்டுப் பெயின்ற் கண்ணாடி மாதிரி வழுக்கும். இதுக்குத்தான் ரயர் வாங்குகிறோம்.

ஆகவே கடையில் "எவ்வளவு ஓடும்?" என்று கேட்க முதல் நான்கு விசயம் பாருங்கள்.

ஒன்று, வயது. ரயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை செய்தது. இறப்பர் ஓடாமல் கிடந்தாலும் வெயிலிலும் காற்றிலும் இறுகும். ஐந்து வருசம் பழைய ரயரைப் 'புதிது' என்று விற்றால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு.

இரண்டு, வண்டிப் புத்தகத்தில் சொன்ன அளவும், அதுக்குப் பக்கத்தில் இருக்கிற பாரக் குறியீடும். மூன்று, பக்கத்தில் இருக்கிற அம்புக்குறி சில்லு சுற்றுகிற பக்கம் பார்க்கிறதா என்று பூட்டும்போதே கவனியுங்கள். நான்கு, முன்னுக்கா பின்னுக்கா என்று சொல்லிக் கேளுங்கள், "மழைக்கு எப்பிடி?" என்றும் கேளுங்கள்.

வாங்கின பிறகு முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீற்றர் மெதுவாக ஓடுங்கள். புது ரயரின் மேற்பரப்பு மினுமினுப்பாக, வழுக்கலாக இருக்கும். கிழமைக்கு ஒருதரம், ஓட முதல், ரயர் ஆறிக் கிடக்கும்போது காற்றுப் பாருங்கள். காற்றுக் குறைந்தால் ஓரம் தேயும், சூடேறும்; கூடினால் நடு தேயும், பிடிமானமும் குறையும். ஆயுளையும் பிடிமானத்தையும் ஒரே நேரத்தில் கூட்டுகிற ஒரே வேலை இதுதான், அதுக்குக் காசும் பெரிதாக இல்லை. இதைக்கூடச் செய்யாமல் ரயர் ஆயுளைப் பற்றிக் கவலைப்படுகிறவரை நான் நம்பமாட்டன்.

மாற்றுவது எப்போது? பக்கச் சுவரில் 'ரி.டபிள்யூ.ஐ' என்ற எழுத்தோ சின்ன முக்கோணமோ இருக்கும். அதுக்கு நேரே, வெட்டுப் பள்ளத்துக்குள் ஒரு சின்ன மேடு. ரயர் தேய்ந்து அந்த மேட்டோடு மட்டமானால் கதை முடிந்தது. "இன்னும் ஒரு மாசம் ஓடலாம்" என்று சொல்லுறவர் அந்த மாசம் உங்களோடு பின்னுக்கு இருந்து வரமாட்டார்.

கம்பஸ் வாகனத் தரிப்பிடத்தில் நூற்றுக்கணக்கான வண்டிகள் நிற்கின்றன. புரட்டாதி முடிய முதல் ஒரு மத்தியானம் போதும். ஒவ்வொரு பீடத்திலும் நாலு பேர் சேர்ந்து வரிசையாகக் குனிந்து அந்த மேட்டையும் நான்கு இலக்கத்தையும் பார்ப்பம். மட்டமான ரயருக்கு ஒரு துண்டுக் கடதாசி ஒட்டுவம்: "இது நிற்காது." ஆட்கள் கோவிப்பினம். கோவிக்கட்டும், மழை வர முதல் மாற்றினால் காணும்.