தோலை எறியுமுன் சிந்திப்போம்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பழச்சாற்றுக் கடைகளில் சாறு விலைபோகிறது. தோல் குப்பைக்குப் போகிறது. ஆனால், தோடை, தேசித் தோல்களின் வெண்பகுதியில் ஜாமை இறுகச் செய்யும் பெக்டின் என்னும் பொருள் உண்டு. உலகச் சந்தைக்கு வரும் பெக்டினின் பெரும்பகுதி இத்தகைய தோல்களிலிருந்தும் அப்பிள் சக்கையிலிருந்துமே எடுக்கப்படுகிறது.

இதைக் கேட்டதும் தொழிற்சாலைக் கனவு காண வேண்டாம். பெக்டினைத் தூளாகப் பிரித்தெடுக்க அமிலம் கலந்த சுடுநீர், மதுசாரம், உலர்த்தும் கருவி, தரப் பரிசோதனை யாவும் தேவை. இது தனிக் குடும்பத்தால் ஆகாது. ஆனால், அன்றன்று சேர்த்த தோலை நன்கு கழுவி, வெண்பகுதியை நறுக்கி, தேசிப்புளி விட்ட நீரில் அவித்து வடித்தால், அந்த வடிநீரே பப்பாசி ஜாமை இறுக்க உதவும். பூஞ்சணம் பிடித்த தோலைத் தொடவே கூடாது.

காணியை இழந்து வந்தவர்களின் உழைப்பை மலிவாக வாங்கப் பலர் காத்திருக்கிறார்கள். தோலை உலர்த்திக் கொடுக்கும் கூலிகளாக மட்டும் நின்றால் இலாபம் பிறருக்கே. ஆகவே, பத்துக் குடும்பங்களாவது சங்கமாகச் சேருங்கள். வாங்குவோரைக் கண்டறிந்த பின்பே அடுப்பை மூட்டுங்கள். 1955இல் கொழும்பில் ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கி, 1998இல் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனமாகிய அரச நிறுவனத்தில் ஆலோசனை கேளுங்கள். அதன் கதவைத் தட்டுவது பிச்சை அல்ல, நமது உரிமை.