வயிற்றெரிச்சலும் மருந்துக் கடையும்

வயிற்றெரிச்சல் என்பது வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டிய வியாதியல்ல, மருந்துக் கடையில் தீர்த்துக்கொள்ளும் சில்லறை விவகாரமே என்றதோர் எண்ணம் நம் ஜனங்களிடையே வேரூன்றிவிட்டது. டோல்கேட் முதல் எண்ணூர் வரை துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பிப் பிழைக்கும் தொழிலாளர்களிடம் இவ்வெண்ணம் விசேஷமாக வலுத்திருக்கிறது. ‘காஸ் மாத்திரை’ என்று கேட்டால் போதும். அட்டை கைக்கு வந்துவிடும். டாக்டர் சீட்டு எங்கே, எத்தனை நாளாக எரிகிறது, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர் என்ற கேள்விகள் பெரும்பாலும் எழுவதேயில்லை. பாண்டோப்ரஸோல், ஒமெப்ரஸோல் முதலியவற்றைச் சீட்டின்றி விற்கலாகாதென்று 1945-ம் வருஷத்து மருந்து விதிகளின் ‘எச்’ அட்டவணை கூறுகிறது. விதி புஸ்தகத்தில் பத்திரமாக இருக்கிறது.

இதற்காகத் தொழிலாளியைக் குறைகூற நாம் தயாராயில்லை. துறைமுக வாசலை நோக்கி வரிசையில் நிற்கும் கண்டெய்னர் லாரி டிரைவருக்கு வண்டியை விட்டிறங்கினால் முறை போய்விடும். காலைச் சாப்பாட்டின் இடத்தை டீயும் பீடியும் எடுத்துக்கொள்கின்றன. காசிமேட்டில் படகேறுகிறவனுக்கும் பசி நேரமும் சோற்று நேரமும் ஒத்து வருவதில்லை. முதுகு வலித்தால் டைக்ளோபினாக், மூட்டு வலித்தால் இப்யூப்ரோபென். இவ்வலி மாத்திரைகளே இரைப்பையின் உட்பூச்சைக் காக்கும் சுரப்பைக் குறைத்துப் புண்ணுக்கு வழிவிடுகின்றன என்பதை அவனுக்கு யார் சொன்னார்கள்? எரிச்சல் கண்டவுடன் மற்றொரு மாத்திரை. ஒரு கையால் ஓட்டை போட்டு மறு கையால் அடைக்கும் இவ்வேலையில் இரண்டு கைக்கும் கூலி கொடுக்கிறவன் அவனே.

குடற்புண் தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற கோஷ்டியைச் சேர்ந்த டாக்டர் ஸோமர்வெல், நெய்யூர் ஆஸ்பத்திரியில் தங்கி ஆயிரக்கணக்கான குடற்புண் நோயாளிகளுக்குக் கத்தி வைத்தார். அந்நாளில் வேறு கதியில்லை. பின்னர் ஜேம்ஸ் பிளாக் என்ற ஆராய்ச்சியாளர் வழிகாட்டிய ஸிமெடிடின் 1976-லும், ரானிடிடின் 1981-லும், ஒமெப்ரஸோல் 1988-லும் விற்பனைக்கு வந்தன. நம் நாட்டில் 1970-ம் வருஷத்துப் பேடண்ட் சட்டம் மருந்துப் பொருளுக்கு ஏகபோக உரிமை தராதிருந்தமையால், உள்நாட்டுக் கம்பெனிகள் இவற்றை வேறு முறையில் தயாரித்து ஏழைக்கும் எட்டும் விலையில் விற்றன. அது பெருமைக்குரிய காரியமே.

இதைவிடப் பெரிய மாறுதல் ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்தது. 1982-ல் வாரன், மார்ஷல் என்ற இரு டாக்டர்கள் இரைப்பையில் வாழும் ஒருவகைக் கிருமியைப் பிரித்து வளர்த்தெடுத்தனர். ‘ஹெலிகோபாக்டர் பைலோரி’ என்பது அதற்குப் பின்னர் வைத்த பெயர். பண்டிதர்கள் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வருவித்துக்கொண்டார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. காரமும் கவலையும்தான் புண்ணுக்கு மூலம் என்று பாட்டி முதல் பட்டதாரி வரை சொல்லிவந்தது பொய்யாயிற்று. இக்கிருமியாலும் வலி மாத்திரையாலுமே பெரும்பாலான புண்கள் உண்டாகின்றன. கிருமியால் வந்த புண்ணானால், அமில மருந்துடன் கிருமிக்கொல்லிகளைச் சுமார் இரண்டு வாரம் முறையாகச் சாப்பிட்டால் பெரும்பாலும் தீரும்.

அப்படியிருக்க, டோல்கேட்டில் ஒருவன் பத்து வருஷமாக அட்டை வாங்குவானேன்? அமில மாத்திரை எரிச்சலை அடக்குகிறது. கிருமி இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதோடு, மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் ஆகுமுன் மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்தால், உள்ள கிருமியும் இல்லையென்று காட்டக்கூடும். இரைப்பைப் புற்றுநோயின் ஆரம்பக் குறிகளையும் இம்மாத்திரைகள் சில காலம் மறைத்துவிடலாம். மறைந்த நோய் வெளிப்படும்போது, அநேகமாகக் கத்திக்கும் எட்டாத நிலையில் இருக்கும்.

ரானிடிடின் விஷயம் ஒரு தனிப் பாடம். புற்றுநோய் விளைவிக்கக்கூடியதெனக் கருதப்படும் நைட்ரோஸமைன் வகை அசுத்தம் அதில் காணப்படுவதாக 2019 செப்டம்பரில் அமெரிக்க அதிகாரிகள் எச்சரித்தனர். க்ளாக்ஸோ கம்பெனி இந்தியாவில் தன் ‘ஸினிடாக்’கைத் திரும்பப் பெற்றது. 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் ரானிடிடின் முழுவதையுமே சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். நாளாக ஆக, வெப்பம் ஏற ஏற, அவ்வசுத்தம் மிகுகிறதென்பது அவர்கள் கண்ட காரணம். வெப்பம் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் மாதக்கணக்கில் கிடக்கும் அட்டையை நாம் என்னவென்று சொல்வது? நம் மத்திய சர்க்கார் 2022-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து ரானிடிடினை நீக்கியது. பட்டியலிலிருந்து நீக்குவது வேறு, விற்பனையைத் தடுப்பது வேறு. அமெரிக்க வயிற்றுக்கு ஆகாதது சென்னை வயிற்றுக்கு மட்டும் ஆகுமா என்ற கேள்விக்குத் தெளிவான விடையை ஜனங்களுக்குச் சொல்வது அதிகாரிகளின் கடமை.

நாம் சொல்வதைக் கேட்டு எவரும் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். மார்வலிக்காக ஆஸ்பிரின் சாப்பிடும் முதியவருக்கும், முன்பு ரத்தம் கசிந்தவருக்கும் இம்மருந்து உயிர்க்காவல். நெடுநாள் சாப்பிட்டதைத் திடீரென நிறுத்தினால் அமிலம் முன்னிலும் அதிகமாகப் பொங்குவதுமுண்டு. ஆனால் ‘ப்ரஸோல்’ வகை மருந்துகளால் மூத்திரக்காய்க்குத் தீங்கு நேரலாமென்ற எச்சரிக்கையை அச்சிடும்படி நம் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியே 2019-ல் பணித்தாரென்பதையும், ‘பி12’ வைட்டமினும் மக்னீஸியமும் குறையக்கூடுமென்பதையும் வருஷக்கணக்கில் சாப்பிடுவோர் அறிந்திருக்க வேண்டும்.

ராயபுரத்துக்கருகே ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் அங்கே ஒரு நாள் என்பது ஒரு நாள் கூலி. ஆகவே கிருமிப் பரிசோதனையை திருவொற்றியூர், தண்டையார்பேட்டை சர்க்கார் வைத்திய நிலையங்களில் மாலை வேளையில் நடத்த ராஜ்ய சர்க்கார் ஏற்பாடு செய்ய வேண்டும். துறைமுக நிர்வாகத்தார், முறை போகாமல் லாரிக்காரன் இறங்கிச் சாப்பிட்டு வர இடமும் அவகாசமும் அளிக்கட்டும்; அதற்குப் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் வேண்டியதில்லை. தொழிற் சங்கங்கள் போனஸுடன் இதையும் கோரிக்கையில் சேர்க்கலாம். மருந்து இன்ஸ்பெக்டர்கள் ‘எச்’ அட்டவணையை நினைவுபடுத்த ஒருமுறை இவ்வீதிக்கு வந்து போகட்டும். கடைக்காரர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். மாத்திரை கேட்பவரிடம் மலம் தார்போல் கறுத்துப் போகிறதா, உடம்பு இளைக்கிறதா, விழுங்கும்போது அடைக்கிறதா என்று விசாரியுங்கள். ஆமென்றால் அட்டையை உள்ளே வைத்துவிட்டு, அன்றைக்கே ஸ்டான்லிக்கு அனுப்புங்கள். டோல்கேட்டிலிருந்து அது எட்டாத தூரமன்று.